ஐந்தாவது ஆல்பம்

அன்புள்ள பூர்ணிமா,

உழவர்கரையில் அம்மா வீட்டில் நன்றாகத் தூங்குகிறாயா?

உன் முதல் நான்கு ஆல்பங்களை இன்றும் கொண்டாடுகிறார்கள். ஐந்தாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைப் பதிவு செய்த அன்று நம் ஸ்டுடியோவில், "தொண்ட கட்டியிருக்குங்க, பத்து நாள் கழிச்சுப் பாடறேன்" என்றாய். "நீ பாடு, கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கறேன்" என்றேன். சுருதியைச் சரிசெய்தேன், அதில் உன் குரலே இல்லாமல் போனது. அது வெளிவந்து எல்லாரும் உன்னைக் குறை சொன்னபோது நான் வாய் திறக்கவில்லை.

நேற்று குருசுக்குப்பத்திலிருந்து திருவிழாக் கமிட்டிக்காரர் ஒருவர் கச்சேரி விஷயமாக வந்தார். "அந்தம்மாவுக்குக் குரல் போயிடுச்சாமே?" என்றார்.

"போகல சார். அந்த ஆல்பத்தக் கெடுத்தது நான்தான்."

ஒரு வருடமாக உன்னிடம் சொல்லாததை, முன்பின் தெரியாதவரிடம் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பாடச் சொல்ல மாட்டேன்.

உன் கணவன்