மூளை வயது எண்பத்து நான்கு

செப்டம்பர் 1, 2025

எங்கள் செயலியின் புதிய பதிப்பு வெளியாகி ஒரு வாரம். ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் பயிற்சி தரும் விளையாட்டுகள், முழுவதும் தமிழில், கிளிநொச்சியில் ஒரு கடை மாடியில் இருந்து செய்தவை. திரைகள் எல்லாம் நான் வரைந்தவை. நன்றாக வந்திருக்கிறது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

செப்டம்பர் 4

கருத்துப் பெட்டியில் இன்று ஒரு செய்தி. நெடுங்கேணியில் இருந்து சுகந்தினி என்பவர் எழுதியிருக்கிறார்: "அப்பாவுக்கு வயது 66. உங்கள் செயலி மூளை வயது 84 என்று காட்டுகிறது. இதற்கு எந்த ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கலாம்?"

மூன்று தரம் வாசித்தேன். மருந்தா? அது ஒரு விளையாட்டின் கடைசித் திரை. ஆட்கள் நண்பர்களுக்கு அனுப்பிச் சிரிப்பார்கள் என்று செந்தூரன் அண்ணா வைக்கச் சொன்னது. நிறுவனம் அவருடையது. ஆனால் வரைந்தது நான்தானே.

அவர்களுடைய இலக்கத்துக்கு அழைத்து, சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 6, சனி

புளியங்குளத்தில் இறங்கி நெடுங்கேணி பஸ் பிடித்தேன். சுகந்தினி அக்கா சந்தியில் நின்று கூட்டிப்போனார். அப்பா தங்கராசா விறாந்தையில் கதிரையில் இருந்தார். ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்பில் செயலாளராக இருந்தவராம். இந்த ஊர்க் குளத்துத் தண்ணீர் எந்த வயலுக்கு எப்போது என்று முறை வைத்தவர். போன வாரம் எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிட்டார்.

"ஏன் ஐயா விட்டனீங்கள்?"

"மறதிக்காரன் தண்ணி முறை வைச்சா ஊருக்குள்ள சண்டைதான் வரும், பிள்ளை."

விளையாடிக் காட்டச் சொன்னேன். கவிழ்த்த படங்களில் மயில் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். "இந்தா, மூலையில" என்று உடனே சொன்னார். சரி. விரலை வைத்தார், படம் திரும்பவில்லை. மறுபடி வைத்தார். அழுத்தினார். நேரம் முடிந்து, பிழை என்று சிவப்புப் புள்ளடி விழுந்தது.

அவருடைய விரலைப் பார்த்தேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல், நுனியெல்லாம் மரப்பட்டைபோல. போன் அந்தத் தொடுகையைப் பாதி நேரம் உணரவே இல்லை. உணராத ஒவ்வொரு தொடுகையையும் மறதி என்று கணக்கு வைத்திருக்கிறது!

"ஐயா, உங்கட ஞாபகம் சரி. பிழை எங்கட செயலியில."

"நீங்கள் என்னைத் தேத்திறதுக்காகச் சொல்லுறீங்கள்," என்றார். சுகந்தினி அக்கா எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினார்.

பஸ்ஸில் வரும்போது ஆத்திரம் ஆத்திரமா வந்தது. ஆரை வைச்சுச் சோதிச்சனாங்கள்? ஒஃபிஸ் ஆக்களை. எல்லாரும் விசைப்பலகை தட்டுற விரல்காரர். இது வன்னி, வயல் செய்யிற இடம். இஞ்ச எத்தின பேருக்கு அப்பிடி விரல் இருக்கு?

சரி. திருத்தலாம். எப்படி என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 8

செந்தூரன் அண்ணாவிடம் சொன்னேன். தொடுகையைத் திருத்த உடனே சம்மதித்தார். மூளை வயதை எடுக்க மட்டும் மாட்டாராம்.

"அந்தத் திரையைப் பாத்துத்தான் புது ஆக்கள் வருகினம், தாட்சாயினி. ஒராளுக்காக எடுக்கேலுமோ?"

வாதாடவில்லை. முதலுதவிப் பெட்டியில் இருந்து பிளாஸ்டர் எடுத்து அவருடைய விரல் நுனிகளில் சுற்றினேன். "இப்ப விளையாடுங்கோ."

சிரித்துக்கொண்டுதான் தொடங்கினார். பாதியில் வாய்க்குள் ஏதோ சொன்னார். பிறகு மேசையில் போனை வைத்து விரலால் குத்தினார். முடிவு: மூளை வயது 79. அவருடைய உண்மை வயது முப்பத்து நான்கு.

பிளாஸ்டரை உரித்தார். "பிளாஸ்டர் எண்டு தெரிஞ்சும் ஒருமாதிரிக் கிடக்கு," என்றார்.

"அவருக்கு அது தெரியாது, அண்ணா."

"அந்த வயதை எடுத்து விடும்," என்றார்.

செப்டம்பர் 17

வேலை, வேலை. இப்போது விளையாட்டுக்கு முன்னால் ஒரு வட்டம் வரும். அதைத் தொட வேண்டும். விரலைப் போன் எப்படி உணர்கிறது என்று அது முதலில் பார்க்கும். சரியாக உணராவிட்டால் நேரக் கணக்கே கிடையாது. படங்களைப் பெரிதாக்கினேன். கடைசித் திரையில் வயது இல்லை, "இன்று எட்டில் ஆறு நினைவிருந்தது" என்று மட்டும். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. நான் வரைந்ததிலேயே சிறந்தது இதுதான்.

செப்டம்பர் 20

சோதனைப் பதிப்பை நெடுங்கேணிக்கு அனுப்பினேன். பதிலில்லை.

செப்டம்பர் 23

இன்னும் இல்லை. கேட்கலாமா? வேண்டாம். அவசரப்படுத்துவதும் ஒருவகை நேரக் கணக்குத்தான்.

செப்டம்பர் 25

சுகந்தினி அக்கா அழைத்தார். "பின்னேரம் முழுக்க அதோடயே இருந்தார். எட்டுக்கு எட்டு வந்தோடன போனை வைச்சிட்டு, 'அப்ப நான் விலகினது பிழை' எண்டார்."



அக்டோபர் 18

சுகந்தினி அக்கா அழைத்தார். மாரி விதைப்புக்கான காலபோகக் கூட்டம் நேற்று முடிந்ததாம். ஐயா முன்வரிசையில் இருந்து தண்ணீர் முறையில் இரண்டு பிழை பிடித்தாராம். திரும்பவும் அவரையே செயலாளராக்கிவிட்டார்கள்.

செயலியை அழித்துவிட்டாராம். "உதுக்கு இப்ப எங்க நேரம்?" என்றாராம்.

செந்தூரன் அண்ணாவுக்குச் சொன்னேன். "ஒராள் குறைஞ்சதுக்குச் சந்தோசப்படுறீரோ?" என்றார்.

"ஓம்."

இந்த வார அறிக்கையில் எழுதினேன்: நெடுங்கேணி, ஒருவர் நீங்கினார். காரணம், வேலை அதிகம்.