ஐந்துக்கு ஐந்தில் விழுந்த பந்து

மே 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். அத்தானின் முழங்கால் வலி பாதி குறைந்துவிட்டது. மீதிப் பாதியை மாடிப்படி ஏறும்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி முனகித் தீர்க்கிறார். உன் மருமகள் பரீட்சை முடித்துவிட்டு ஒன்பது மணி வரை தூங்குகிறாள். பஸ் நிலையத்தில் என் விசாரணை ஜன்னலுக்குப் புது மைக் போட்டிருக்கிறார்கள். நான் பெருமூச்சு விட்டால்கூட மூன்று பிளாட்பாரத்துக்குக் கேட்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் நீ நடுவராக உட்கார்ந்த டென்னிஸ் அரையிறுதியைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். நான் பெயர் வைத்த நம் ஆமை ஆடும்போது நான் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை என்பது உனக்குத் தெரியும். வயது முப்பத்தைந்து, உலக வரிசையில் நூற்றெழுபத்துச் சொச்சம். சிமென்ட் தரையில் அவனை யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாம். அங்கே பந்து விழுந்த வேகத்தில் பறந்துவிடும். களிமண்ணில் அப்படி இல்லை. பந்து விழுந்து, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எழும்புகிறது. ஆமைக்கு அது போதும். சறுக்கிக்கொண்டே போய் எல்லாவற்றையும் எடுத்து எடுத்துப் போட்டு, எதிராளி வெறுத்துப்போய் வலையில் அடிக்கும்வரை காத்திருப்பான். “இதென்ன ஆட்டம், செவுத்தோட ஆடற மாதிரி!” என்கிறார் அத்தான். செவுத்தை ஜெயிச்சவன் யாராவது உண்டா என்று கேட்டேன். பேப்பரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். எதிரே அந்த இருபது வயசுப் பீரங்கி. மூன்றாவது செட், டை-பிரேக், ஐந்துக்கு ஐந்து. ஆமை கோட்டோரமாக அடித்த பந்தை, கோட்டு நடுவர் உள்ளே என்று விட்டுவிட்டார். பீரங்கி கையைத் தூக்கினான். நீ நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, மண்ணில் ஒரு தடத்தைக் காட்டி ‘வெளியே’ என்றாய். தம்பி, அது அந்தப் பந்தின் தடம் இல்லை. இரண்டு பாயின்ட்டுக்கு முன்னால் வெளியே போன பந்தின் தடம். இந்தப் பந்து ஒரு முழம் தள்ளி, கோட்டைத் தொட்டு விழுந்தது. அடுத்த சர்வீஸோடு ஆட்டம் முடிந்து, பீரங்கி ஜெயித்துவிட்டான். பதிவு செய்து பதினாலு தடவை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் இந்த வாரப் போட்டி அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது. மூன்று வருஷத்தில் நீ எழுதிய முதல் நீளக் கடிதம், அதுவும் ஆமைக்காக. நடக்கட்டும்.

நீ பார்த்தது ஒரே ஒரு கேமராவில், பின்னாலிருந்து, உயரத்திலிருந்து. நான் தடத்துக்கு மேலே குனிந்து நின்று பார்த்தேன். கோட்டுக்கும் தடத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. பெரிய போட்டிகள் பலவற்றில் இப்போது கருவியே சொல்லிவிடுகிறது. இது போன்ற சின்னப் போட்டிகளில் நடுவரின் கண்தான் கருவி. பன்னிரண்டு வருஷமாக இந்தக் கண்ணை வைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

இன்னொன்று. ஆமை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தடத்தைப் பார்த்தான், திரும்பிப் போய் நின்றுகொண்டான். ஆடினவனுக்கே இல்லாத சந்தேகம் ரசிகைக்கு எதற்கு?

நல்ல செய்தி ஒன்று. மாதக் கடைசியில் தொடங்கும் பெரிய போட்டியின் நடுவர் பட்டியலில் என் பெயர் வந்திருக்கிறது. முதல் தடவை. நீ டிவியிலேயே பார்க்கலாம். அத்தானிடம் சொல். மருமகளை எழுப்பிவிட்டுச் சொல்.

தம்பி


மே 13

அன்புள்ள தம்பிக்கு,

பட்டியலில் பெயர் வந்ததில் எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். அத்தான் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. ஆமை எந்த நடுவரிடமும் எந்த நாளும் பேசியதில்லை. அவன் சுபாவம் அது. அவன் வாய் திறக்காததை நீ சாட்சிக்கு இழுக்கக் கூடாது. தோற்றபின் நாற்காலியில் உட்கார்ந்து, ஷூவைத் தட்டித் தட்டிச் செம்மண்ணை உதிர்த்துக்கொண்டே இருந்தான். உதிர்ந்து முடிந்த பிறகும் தட்டினான். இறுதிக்குப் போயிருந்தால் முப்பது இடமாவது ஏறியிருப்பான்.

விதி எனக்கும் தெரியும். எந்தத் தடம் என்று நடுவருக்குத் தெரியாவிட்டால், கோட்டு நடுவர் சொன்னதே நிற்கும். நீ ‘தெரியல’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உனக்கு அது வராது. சின்ன வயசிலிருந்தே நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால். அப்பா விஷயத்திலும் இப்படித்தான்—

இதை எழுத நினைக்கவில்லை. எழுதிவிட்டேன். அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிடுகிறேன்.

அக்கா


மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அந்தப் பாயின்ட்டில் வெயில் கண்ணுக்கு நேரே இருந்தது. பந்து விழுந்ததை நான் பார்க்கவே இல்லை. இறங்கி நடக்கும்போது அங்கே நாலைந்து தடங்கள் தெரிந்தன. எது என்று தெரியவில்லை. பீரங்கி ஒன்றைக் காட்டினான். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் விரல் தானாக அதையே காட்டிவிட்டது. நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததுமே மனசு சொன்னது, தப்பென்று. உனக்கு எழுதிய பதிலில் அந்த ஒரு விரல் இடைவெளியை அளந்து அளந்து எழுதினேன் பார், அப்போதும் தெரியும்.

உன் கடிதம் வந்த மறுநாள் தலைமை நடுவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, “யாருமே கேக்கலியே, நீ ஏன்ப்பா வந்து சொல்றே?” என்றார். எழுத்தில் கொடுத்தேன். முடிவு மாறாது, பதிவில் மட்டும் ஏறும். இரண்டு நாள் கழித்துப் பெரிய போட்டிப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அத்தானிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

பிறகு ஆமையைப் போய்ப் பார்த்தேன். கார் நிறுத்துமிடத்தில், பையை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தான். சொன்னேன். நிமிராமலே கேட்டான். கேட்டுவிட்டு, “எனக்குத் தெரியும் சார். இப்ப இத எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க? நீங்க நிம்மதியா தூங்கவா?” என்றான். டிக்கியை மூடினான். “போய்ட்டு வாங்க சார்,” என்று காரில் ஏறிவிட்டான். மரியாதையாகத்தான் சொன்னான்.

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் இதை எழுத நாலு நாள் தயங்கினேன். என் தூக்கத்துக்காகத்தான் எழுதுகிறேனோ என்னவோ. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

அப்பா போன அன்றைக்கு நான் லீவில் வீட்டில் இருந்தேன். நீ வேலைக்குப் போய்விட்டாய். அப்பா முதுகு வலிக்கிறது என்றார். “வெறும் வாயுப்பா, மாத்திரை போட்டுட்டுப் படுங்க,” என்றேன். பதினோரு மணிக்கு நீ போன் செய்து, “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போடா,” என்றாய். “ஒண்ணுமில்லக்கா, எனக்குத் தெரியாதா?” என்றேன். மூன்று மணிக்கு அவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஒன்றுமே தெரியாது, அக்கா. தெரியாது என்று சொல்லத்தான் தெரியவில்லை. நான் கூட்டிப் போயிருந்தால் அவர் இருந்திருப்பார். தப்பு என்னுடையது. இதை உன்னிடம் சொல்ல மூன்று வருஷம் ஆகிவிட்டது.

தம்பி


மே 30

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தை ஜன்னலை மூடிவைத்துவிட்டுப் படித்தேன். வெளியே ஒருவர் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் பஸ் போயிருக்கும், பாவம்.

நீ எழுதிய அந்த வரிக்காக மூன்று வருஷம் காத்திருந்தேன். வந்தால் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. ஏனென்றால், என்னிடமும் ஒன்று இருக்கிறது.

அப்பா போய் இரண்டு வாரம் கழித்து, நீ அடுத்த போட்டிக்குக் கிளம்பிய பிறகு, பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: “நெஞ்சிலேர்ந்து வர்ற பெரிய ரத்தக்குழாயே கிழிஞ்சிருக்கும்மா. காலையிலயே கூட்டிட்டு வந்திருந்தாலும் எங்களால காப்பாத்தியிருக்க முடியாது. யாரையும் குத்தம் சொல்லாதீங்க.”

அதை அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. முதலில், நீ போன் செய்தால் சொல்லலாம் என்றிருந்தேன். நீ செய்யவில்லை. அப்புறம், நீயே தப்பென்று சொல்லும்வரை சொல்லக் கூடாது என்று வீம்பு. அதற்கப்புறம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்ற பயம். நீ வேதனைப்படுகிறாய் என்று தெரியும். படட்டும் என்று இருந்தேன். உன்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்துக்கொண்டு நான்தான் அப்படி இருந்திருக்கிறேன்.

பந்தைப் பற்றி மட்டும் எழுதுவதாக நினைத்துத்தான் முதல் கடிதத்தைத் தொடங்கினேன். உன் பெரிய போட்டி என்னால் போயிற்று. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. ரிப்போர்ட்டின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அக்கா


ஜூன் 14

அக்கா,

உன் கடிதமும் ரிப்போர்ட்டும் வந்து பத்து நாளாகிறது.

முதலில் சரியான கோபம். அப்பாவைத் தூக்கிக் காரில் படுக்கவைத்து, எந்தத் தெரு வழியாகப் போயிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம் என்று மூன்று வருஷமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிக்னல் உட்பட. நீ ஒரே ஒரு போன் செய்திருக்கலாம். இரண்டு தடவை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். அவற்றை நீ படிக்காததே நல்லது.

பிறகு நிதானமாக யோசித்தேன். அப்போதே நீ சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? “பாத்தியா, கூட்டிட்டுப் போனாலும் ஒண்ணும் ஆயிருக்காதுன்னுதானே அர்த்தம்? நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன்,” என்றுதான் சொல்லியிருப்பேன். நிச்சயமாகச் சொல்லியிருப்பேன். உனக்கும் அது தெரிந்துதான் இருக்கும்.

பெரிய போட்டி உன்னால் போகவில்லை. என்னால் போயிற்று. அது முடிந்த கணக்கு.

கோபம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கடிதத்தில் தீருகிற விஷயமாகவும் இது தெரியவில்லை. களிமண் ஆட்டங்கள் இந்த வாரத்தோடு முடிகின்றன. எனக்குப் பத்து நாள் லீவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். ஒருநாள் காலையில் நாம் இரண்டு பேர் மட்டும் எங்கேயாவது நடந்துவிட்டு வருவோம்.

அன்றைக்கு மாத்திரை போட்டுக்கொண்ட பிறகு அப்பா உடனே தூங்கவில்லை. என்னைக் கட்டிலில் உட்காரச் சொல்லி, ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் உன்னைப் பற்றித்தான். அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நடக்கும்போது உன்னிடம் சொல்கிறேன்.

தம்பி