மடியில் இருந்த கோப்பை

ஜூலை 2, செவ்வாய்

தனக்கு நேர்ந்ததை ஒரு பெண் ஊரறியச் சொல்லத்தான் வேண்டுமா? எனக்குத் தெரியவில்லை. பங்சாரில் இருபது ஆண்டுகளாகக் கல்லூரிப் பாடம் நடத்துகிறேன். இதற்கு மட்டும் பதில் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் பெண்கள் மையத்தின் இதழை நான்தான் திருத்திக் கொடுக்கிறேன். இன்று கிள்ளானிலிருந்து சந்திரகலா ஒரு கட்டுரையோடு வந்தாள். எட்டு ஆண்டுகளுக்கு முன், இருபது வயதில், தேவாரப் போட்டி முடிந்து தேவார வகுப்பு ஆசிரியரின் காரில் வீடு திரும்பியிருக்கிறாள். வழியில் அவன் அவளைப் பலாத்காரம் செய்திருக்கிறான். சொந்தப் பெயரில் வர வேண்டுமாம்.

“பேரை மாத்திடுவோம்மா. உன் பாதுகாப்புக்குத்தான்.”

“அவன் பேரும் புகழுமாத் திரியிறான். நான் ஏன்க்கா பேரில்லாம இருக்கணும்?”

அரை மணி நேரம் வாதாடினேன். “சரி, படிச்சவங்க சொல்றீங்க,” என்றாள்.

ஜூலை 5, வெள்ளி

பெயர், வயது, ஊர் எல்லாம் மாற்றினேன். கிள்ளான் செராஸ் ஆயிற்று. ஒரு வரியை மட்டும் தொடவில்லை: ‘கைப்பிடி உடைந்த பரிசுக் கோப்பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.’ கட்டுரையிலேயே நல்ல வரி அது.

ஜூலை 9, செவ்வாய்

இதழ் நேற்று வெளிவந்தது.

மடச்சி நான். அந்தக் கோப்பை வரியே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்தப் போட்டியில் அவள் பரிசு வாங்கும்போது கோப்பை கீழே விழுந்து கைப்பிடி உடைந்ததை அன்று மண்டபமே பார்த்துச் சிரித்திருக்கிறது. அதை ஏந்தி அவள் நிற்கும் பழைய படம் காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கீழே ஒருவர்: “உண்மைன்னா பேரப் போட வேண்டியதுதானே லா?”

பெயரை மறைத்தது நான். பொய்க்காரி அவளா?

ஜூலை 10, புதன்

போன் செய்தேன். திட்டுவாள் என்றிருந்தேன். திட்டவில்லை.

“அம்மா எங்கூடப் பேசறதில்லக்கா. சமைச்சு மூடி வச்சிட்டு ரூமுக்குள்ள போயிடறாங்க.” பிறகு சொன்னாள்: “ஞாயித்துக்கெழம மையத்து வாசகர் கூட்டத்துல நானே பேசறேன். பேரோட. இந்தத் தடவ திருத்தாதீங்க.”

ஜூலை 13, சனி

பேசினால் தேறுவாளா, இன்னும் உடைந்துபோவாளா? இப்போதும் தெரியவில்லை. நாளை அவள் பக்கத்தில் உட்காருவேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஜூலை 14, ஞாயிறு

நாற்பது நாற்காலி போட்டோம். பதினான்கு பேர் வந்தார்கள். அவள் அம்மா வரவில்லை. கடைசி வரிசையில் இரண்டு ஆண்கள் போனைத் தூக்கிப் பிடித்துப் பதிவு செய்தார்கள்.

சந்திரகலா தன் பெயரைச் சொன்னாள். அவன் பெயரைச் சொன்னாள். நடந்ததைச் சொன்னாள். ஆறு நிமிடம்.

“நல்லா டிராமா பண்றா,” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே அந்த இருவரும் எழுந்து போனார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரும் போனபின் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தேன். வாசல்வரை போன ஒரு பெண் திரும்பி வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சந்திரகலாவிடம் சொன்னாள்:

“போன வருஷம் நானும் அவன் கார்ல வந்தேன்க்கா. என் மடியில ஒண்ணும் இல்ல.”

மடக்கிய நாற்காலி ஒன்றை மறுபடி விரித்துப் போட்டேன். பெயர் கேட்கவில்லை.