பதினேழு தடவை

தூத்துக்குடி
22-8-1975

அன்புத் தம்பி இனிகோவுக்கு,

உன் கப்பல் பம்பாய்க்கு வரும்போது இக்கடிதம் ஏஜெண்டிடம் காத்திருக்கும். மாதா கிருபையால் சுகமாக வந்திருப்பாய்.

உடன் வைத்திருக்கும் தாளை முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. உன் மகள் இசபெல்லாவின் முழங்காலில் ஆப்பரேஷன் செய்வதற்கு மதுரை டாக்டர் கேட்கும் அனுமதி அது. இங்குள்ள டாக்டரின் தாள் வந்தால் கிழித்துப்போடு.

அவளுக்கு முழங்கால் சில்லு வெளிப்பக்கமாக நழுவுகிறது. கீழே எலும்பை வெட்டி நகர்த்தி ஆணி வைத்துவிடலாம், திங்கட்கிழமையே செய்யலாம் என்றார் இங்குள்ளவர். பதின்மூன்று வயது, இன்னும் வளரவேண்டிய காலாயிற்றே என்றேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு, பாட்டி?" என்றார். நான் அவருக்குப் பாட்டியல்ல. அந்த அவசரமும் எனக்குப் பிடிக்கவில்லை. எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு பிள்ளையோடு மதுரைக்குப் போனேன்.

அங்குள்ள டாக்டர் படத்தில் ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டினார். எலும்பு வளருகிற இடமாம். அங்கே வெட்டினால் கால் கோணலாக வளரக்கூடுமாம். எலும்பைத் தொடாமல், வெளிப்பக்கத் தசைநாரைத் தளர்த்தி உள்பக்கம் இழுத்துத் தைப்பாராம். ஆறு வாரம் மாவுக்கட்டு. அவரையும் நான் எளிதில் விடவில்லை. ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டேன், பதில் மாறவில்லை. மறுபடி நழுவினாலும் நழுவும், வளர்ந்து முடிந்தபின் எலும்பில் கைவைக்க வேண்டி வரலாம் என்று அவரே சொன்னார். அதனால்தான் நம்புகிறேன்.

உன் வீட்டுக்காரி பிலோமி உனக்கு என்ன எழுதியிருக்கிறாளோ தெரியாது. "நீங்க பிள்ளையப் பாத்தது போதும் மைனி, இனி அவுக சொல்லட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நடந்ததை நானே எழுதுகிறேன். மாதா திருவிழா நவநாளில் பிள்ளை முழங்கால் போட மறுத்தாள். வலி என்றாள். விளையாட ஓடுகிறவளுக்கு ஜெபத்தில் மட்டும் வலியா என்று, தினமும் ஜெபமாலை முடியும்வரை முழங்காலில் நிற்க வைத்தேன். ஏழாம் நாள் எழுந்தவள் சரிந்தாள். அழவில்லை. காலை நீட்டி, பாவாடைக்குள் கைவிட்டு எதையோ தள்ளினாள், எழுந்து நின்றாள். நடிப்பு என்றே நினைத்தேன். வலித்தால் அழமாட்டாளா? மறுநாள் முழங்கால் வீங்கிக் கிடந்தது.

எத்தனை தடவை நழுவியது என்று மதுரையில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்து மூன்று என்றேன். "பதினேழு" என்றாள் அவள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நடிக்கேன்னுதான சொல்லுவீய, அத்தை" என்றாள்.

தாளை ரிஜிஸ்தர் தபாலில் உடனே அனுப்பு. ஆப்பரேஷன் நாளில் பிலோமி அவள் பக்கத்தில் இருக்கட்டும். நான் வராந்தாவில் இருந்துகொள்கிறேன்.

இசபெல்லாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அத்தை நினைத்தது தப்பு என்று அதில் எழுது. அவளும் நானும் ஒரே அறையில்தான் படுக்கிறோம். எனக்கு வாய் வரவில்லை.

மாதா உன்னைக் கரை சேர்க்கட்டும்.

உன் அக்கா,
ஹில்டா