அப்பாவின் படகில் போய் வந்தேன்

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் முகுந்தனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை லோகேஸ்வரியும் மாப்பிள்ளையும் முருகன் தயவில் நலம். கனடாவில் அந்தக் குளிரில் நீயும் நலமாக இருப்பாய் என்று நானே எண்ணிக்கொள்கிறேன், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் நீ போனை எடுப்பதில்லையே. வாட்சப்பில் நீல டிக் விழுகிறது, சரி, என் பிள்ளை உயிரோடுதான் இருக்கிறான் என்று அதை வைத்துத் தெரிந்துகொள்கிறேன். லோகேஸ்வரிதான், தபால்ல எழுதுங்கம்மா, லெட்டருக்கு நீல டிக் கிடையாது, அண்ணன் பயப்படாம படிப்பாரு என்று சொன்னாள். பெற்ற தாயிடம் உனக்கு என்னடா பயம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் அஸ்தியைக் கரைத்துவிட்டோம். மூத்த பிள்ளை கையால் கரைக்கட்டும் என்று ஒரு வருஷம் காத்திருந்தேன். அப்பா போனபோது, அங்கே குடியேறும் பேப்பர் கைக்கு வராமல் நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள் என்று நீ போனில் அழுதாய், சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான், அதெல்லாம் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு நீ பேசுவதையே விட்டுவிட்டாயே, அதுதான் புரியவில்லை. அஸ்திப் பானையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் பரமேஸ்வரன் அங்கிள் அதை மஞ்சள் துணியில் கட்டி அப்பாவின் பாய்மரப் படகிலேயே வைத்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் அப்பாவும் அவரும் சேர்ந்து வாங்கிக் கொஞ்சிக்கொண்டிருந்த படகு. லீவு கிடைத்தால் போதும், அங்கே ஓடுவார். சின்ன வீட்டுக்குக் கிளம்பிட்டீங்களா என்று நான் எத்தனை தடவை கேலி செய்திருப்பேன். கடைசியில் அந்தச் சின்ன வீட்டில்தான் ஒரு வருஷம் குடியிருந்தார். திவசமும் முடிந்த பிறகு இன்னும் அவரைக் காக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை.

பொம்பளைங்க கரைக்கிற வழக்கம் இல்ல அண்ணி, மாப்பிள்ளை செய்யட்டும் லா என்றுதான் அங்கிள் முதலில் சொன்னார். கோயில் கமிட்டியில் இருக்கிறவர், அப்படித்தான் பேசுவார். ஆனால் மாப்பிள்ளை செய்ய முடியாது. லோகேஸ்வரி உண்டாகியிருக்கிறாள், இது ஐந்தாம் மாதம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் இந்தக் காரியங்களில் கை வைக்கக் கூடாது என்று அங்கிளுக்கே தெரியும். இந்த நல்ல சேதியை இப்படிக் கடிதத்தில், அஸ்திப் பேச்சுக்கு நடுவில் சொல்லும்படி ஆகிவிட்டது. கொள்ளி வைத்த சித்தப்பா மகனும் இப்போது ஊரில் இல்லை, கையால் கரைக்க மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். துறைமுகத்து வாயிலேயே முடிச்சிடலாம் என்றார் அங்கிள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. கப்பலும் எண்ணெயும் மிதக்கிற தண்ணீரில் அப்பா வேலை பார்த்தது போதாதா. பள்ளி விடுமுறையில் உன்னை அழைத்துப் போவாரே, சபாக் பெர்ணம் பக்கத்து அமைதியான கரை, அங்கே கொண்டுபோய் விடுவோம் என்றேன். மாப்பிள்ளை முகத்தைத் தூக்கிக்கொண்டு படகுத்துறை வரை காரில் கொண்டுவந்து விட்டார்.

காப்பார் மின்நிலையத்துப் புகைக்கூண்டுகள் கண்ணுக்குத் தெரிந்தவரை நான் வாந்திதான் எடுத்தேன். கண்ண மூடாதீங்க அண்ணி, மூடினா இன்னும் தலை சுத்தும், தூரத்துல கரைய பாத்துக்கிட்டே வாங்க என்றார் அங்கிள். அப்படியே பார்த்துக்கொண்டு வந்தேன். குவாலா சிலாங்கூர் தாண்டியதும் ஊர் என்று ஒன்றும் இல்லை, பாக்காவ் மரம் அடர்ந்த அலையாத்திக் காடும் சேறும், மீன் பிடிக்க நட்ட கம்புகளும், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கழுகும்தான். இன்ஜினை நிறுத்திப் பாயை விரித்தால் தண்ணீர் படகைத் தடவுகிற சத்தம் மட்டும். இந்த மனுஷன் இங்கே எதற்கு ஓடி ஓடி வந்தார் என்று இத்தனை வருஷம் கழித்து எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உள்ளே அவருடைய தொப்பி, மைலோ டின், மீன் தூண்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. நீ சின்னப் பிள்ளையில் போட்ட ஆரஞ்சு மிதவைச் சட்டையும் ஆணியில் தொங்கியது. நீ மீசை வைத்து, வேலைக்குப் போய், விமானம் ஏறிய பிறகும் அவர் அதைக் கழற்றி வைக்கவில்லை.

மறுநாளும் அப்படியே கரையை ஒட்டிப் போய், ஆற்று வாயில் தங்கி, அதற்கு அடுத்த காலையில் கரைத்தேன். உன் பெயரைச் சொல்லித்தான் விட்டேன், முகுந்தன் செய்கிறான் என்று சொல்லித்தான் பானையைக் கவிழ்த்தேன். செவ்வந்தி மாலையையும் போட்டேன். கரைத்துவிட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும் அல்லவா, நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அங்கிள் இன்ஜினை முடுக்கினார், அது நின்றுவிட்டது, எங்கேயோ அறுந்து மிதந்த வலை விசிறியில் சுற்றிக்கொண்டது. காற்றோ தெற்கிலிருந்து நேர் எதிராக அடித்தது. எதிர்க்காற்றில் பாய்மரப் படகு நேராக வராது, குறுக்கே போய்ப் போய்த்தான் திரும்பும் என்று உனக்குத் தெரியும், எனக்கும் அங்கிளுக்கும் அன்றைக்குத்தான் அதன் வில்லங்கம் தெரிந்தது. ஒவ்வொரு தடவை படகு திரும்பும்போதும் அந்த மாலை என் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. அங்கிள் பதறிப்போய், அண்ணி, கண்ண மூடிக்குங்க, பாக்காதீங்க என்று கத்தினார். மூடினால் வாந்தி வருமே, நீங்கதானே சொன்னீங்க என்றேன். பார்த்துவிட்டேன் முகுந்தா. பூ பிரிந்து பிரிந்து போனதைக் கடைசி வரை பார்த்தேன். சாவு வீட்டில்கூட நான் அழவில்லை என்று ஊரே பேசியது, அங்கே அழுதேன், அங்கிளும் சுக்கானைப் பிடித்துக்கொண்டு அழுதார். பார்த்ததால் ஒரு கெடுதலும் வரவில்லை. மனசுதான் இறங்கியது.

அப்பா உன்மேல் கோபத்தோடு போகவில்லை, எனக்கும் கோபம் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு நீ ஒளிந்திருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. புருஷனும் போய், பிள்ளையும் பேசாமல் போனால் நான் யாரிடம் போவேன். குளிரில் காதை மூடிக்கொள், ராத்திரியில் தயிர் சேர்க்காதே, நீயும் உன் வேலையும் செழித்து நூறு வயது நன்றாக இரு. மூத்த பிள்ளை செய்ய வேண்டியதை உனக்காக நானே செய்து முடித்துவிட்டேன், அதை இனி மனசில் சுமக்காதே. ஆனால் லோகேஸ்வரி பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். உன் பெயரைச் சொல்லி என் மடியில் உட்கார வைக்க முடியாதடா.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா
சீதாலெட்சுமி