அந்தூரியத்துக்குப் பிடிக் கணக்கு வேண்டாம்

புத்தூரில் வெங்காயத் தோட்டத் தறைக்கு யூரியா விசிறுகிற அதே கையால், கிருபாகரன் வீட்டு ஹோலில் இருந்த அந்தூரியச் சட்டிக்கும் ஒரு பிடி போட்டுவிட்டார். இலை ஓரமெல்லாம் கருகிப் போனது. அன்றிலிருந்து மனைவி வதனி அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தங்கையின் பிள்ளைப்பேற்றுக்குக் கொடிகாமம் புறப்படும்போதுதான், கிழித்த கலண்டர்த் தாளின் பின்புறத்தில் அவரை விளிக்காமல் மொட்டையாக எழுதத் தொடங்கினாள்.

"சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைச்சிருக்கு. நாளைக்கு நீங்கள்தான் சமைக்கோணும். கதவுப் பூட்டின்ரை மற்றத் திறப்பை நான் கொண்டு போறன்.

அந்தூரியத்துக்கு இனி யூரியா வேண்டாம். அது இலையைத்தான் வளர்க்கும், பூக்க விடாது. நிறையத் தண்ணி ஊத்திக் கழுவி வடிய விட்டிருக்கிறன். புது இலை வந்தாப் பிறகு, மேசையிலை இருக்கிற, பூக்க வைக்கிற பசளையைப் போடுங்கோ. போத்தலிலை எழுதின அளவிலை பாதிதான் தண்ணியிலை கரைக்கோணும். மண் ஈரமா இருக்கேக்கை ஊத்துங்கோ. பிடி எண்ட கதையே வேண்டாம், தேக்கரண்டி!"

போகிற போக்கில் சட்டியை ஒருக்கால் பார்த்தாள். கருகிய இலைக்கு அடியில் சிவப்பாய் ஒரு மொட்டு எட்டிப் பார்த்தது. திரும்பி வந்து அடியில் நெருக்கி எழுதினாள்.

"மொட்டொண்டு வருது. உங்கடை யூரியாவாலை எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரியாதேங்கோ. விரிஞ்சா ஃபோனிலை படம் எடுத்து அனுப்புங்கோ."

பிறகு தாளின் உச்சியைப் பார்த்தாள். அங்கே இடமே இல்லை. ஆணி ஓட்டைக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில், அவரைக் கூப்பிட அவளிடம் இருக்கிற ஒரே சொல்லை எழுதினாள்.

"இஞ்சாருங்கோ."