வெள்ளிக்கிழமை மட்டும் ஒன்றுமில்லை

2024 மார்ச் 5, செவ்வாய்

கிளினிக் மிஸ் ஒரு கொப்பி வாங்கச் சொன்னா. "லது வாயில வைக்கிற எல்லாத்தையும் எழுதுங்க அஜந்தா. ஒண்டையும் விடாதீங்க." இடது பக்கம் லதுவின் சாப்பாடு. வலது பக்கத்தை எனக்கென்று வைத்துக்கொண்டேன். யாரிடமாவது கத்த வேண்டும் போல் இருக்கிறது, கொப்பியாவது கேட்கட்டும்.

லது என் மகள், நான்கு வயது. ஜனவரியில் இறால் கறி தின்று உதடு வீங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். அதற்குப் பிறகு இறால், நண்டு, மீன் ஒன்றும் அவளுக்குக் கிடையாது. ஆனாலும் வருகிறது. தடிப்பு, இருமல், சில நாள் தின்றதெல்லாம் சத்தியாக வெளியே. சில நாள் ஒன்றுமே இல்லை. இறால் பிடிக்கிறவரின் பிள்ளைக்கு இறால் ஒத்துக்கொள்ளாதாம். ஊருக்குச் சிரிக்க ஒரு கதை கிடைத்துவிட்டது.

மார்ச் 8, வெள்ளி

புட்டு, பருப்பு. ஒன்றுமில்லை.

மார்ச் 12, செவ்வாய்

அதே புட்டு, அதே பருப்பு. பருப்புப் பை கூட அதேதான். சாப்பிட்டுப் பத்து நிமிடத்தில் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்து, சொறிந்து சொறிந்து அழுதாள். இது என்ன நியாயம்? வெள்ளிக்கிழமை நல்ல பருப்பு செவ்வாய்க்கிழமை நஞ்சாகுமா?

மார்ச் 20, புதன்

முட்டையை நிறுத்தினேன். பசுப்பாலை நிறுத்தினேன். இனி எதை நிறுத்துவது, தண்ணீரையா? கன்னம் ஒட்டிப்போய்விட்டது பிள்ளைக்கு.

பக்கத்து வீட்டு இராசாத்தி அக்கா செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டா. "கண்ணூறுகா. நீ எழுதி எழுதி என்னத்தக் கண்ட?"

ஏப்ரல் 2, செவ்வாய்

காலையில் இவர் வலையை உதறிவிட்டு வந்தார். லது ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். வழக்கம் போல் தூக்கிக் கன்னத்தைக் கிள்ளினார்.

அரை மணித்தியாலத்தில் கன்னத்தில் மூன்று தடிப்பு. நீளமாக, பக்கம் பக்கமாக. அவருடைய விரல்கள்.

நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். பின்னேரம் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிக்கொண்டே நின்றார்.

ஏப்ரல் 6, சனி

பிடித்துவிட்டேன். இடது பக்கங்களை முதலிலிருந்து வாசித்தேன். ஐந்து வெள்ளிக்கிழமை. ஐந்திலும் "ஒன்றுமில்லை".

வெள்ளி நாங்கள் சைவம், சரி. ஆனால் லது எல்லா நாளும் சைவம்தானே? அப்போ வித்தியாசம் எது? இவர்தான். வியாழன் இரவில் இவர் வலை போடுவதில்லை. வெள்ளி விடிய முழுகிவிட்டுப் பிள்ளையார் கோயிலுக்குப் போய், பகல் முழுக்க வீட்டில்தான். அன்றைக்கு மட்டும் அந்தக் கையில் இறால் இல்லை.

சொல்லிவிட்டேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "உங்கட கைதான் அவளக் கொல்லுது. தொடாதீங்க எண்டா தொடாதீங்க!" என்று கத்தினேன். லது கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

இவர் பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு வாவிக்கரை வாடிக்குப் போய்விட்டார். வலை வைக்கிற கொட்டில் அது. மழைக்கு ஒழுகும். "புள்ளைக்குச் சுகமாகட்டும். பிறகு வாறன்."

நான் தடுக்கவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு. புதுவருசம்.

கைவிசேடம் கொடுக்க வந்தார். வெற்றிலையில் காசை வைத்து மதிலின் மேல் வைத்துவிட்டு நான்கடி தள்ளி நின்றார். "அப்பா கையில தாங்களேன்" என்று லது கையை நீட்டியபடி நின்றாள். கைவிசேடம் என்றால் கையால் கொடுப்பதுதானே. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

இந்தக் கிழமை முழுக்க லதுவுக்கு ஒன்றுமில்லை. நான் சொன்னது சரிதான்.

ஏப்ரல் 22, திங்கள்

வாடியில் பாணும் சம்பலும்தான் தின்கிறாராம், இராசாத்தி அக்கா சொன்னா. மனம் கேட்கவில்லை. அக்காவிடம் இறால் வாங்கி, முருங்கைக்காய் போட்டு, அவருக்குப் பிடித்த மாதிரிக் காய்ச்சி அனுப்பினேன். அவர் போனதிலிருந்து இந்த வீட்டில் மீன், இறால் காய்ச்சியது இன்றைக்குத்தான். லது கிட்ட வராமல் பார்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 24, புதன். ஆஸ்பத்திரி, பிள்ளைகள் வார்ட்.

நேற்று எழுதக் கை வரவில்லை.

நேற்று மத்தியானம் சோறும் பருப்பும். நாலு வாய். "அம்மா, தொண்டைக்குள்ள கடிக்குது" என்றாள். பிறகு பேச்சு வரவில்லை. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம், உதடு நீலம், கண் மேலே போகிறது — லது, லது, என்னைப் பார் மகள் —

மல்கம் அண்ணனின் ஓட்டோ ஒழுங்கையில் நின்றது எந்தக் கடவுள் செய்த வேலையோ. "படுக்க வைக்காத தங்கச்சி, நிமித்திப் பிடி, நிமித்திப் பிடி!" ஹோனில் வைத்த கையை எடுக்காமலே ஓடினார். ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால் என்று நர்ஸ் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டா.

இவர் வீட்டுக்குள் வந்து பதினாறு நாள். பிள்ளையைத் தொடவே இல்லை.

அப்போ இவர் இல்லை. பிறகு எது?

ஏப்ரல் 25, வியாழன்

டொக்டர் கொப்பியை முழுக்க வாசித்தா. சின்னப் பெண்தான், ஆனால் பொறுமை.

"இதில பிள்ளையிட சாப்பாடு மட்டும்தான் இரிக்கு. நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"நாங்க இறால் சாப்பிடுவம் டொக்டர். ஆனா அவளுக்குத் தனியாத்தான் காய்ச்சிறன்."

"தனிச் சட்டியிலயா?"

"அதே சட்டிதான். நல்லாக் கழுவிப்போட்டுத்தான்."

"சோப் போட்டா?"

"மண்சட்டிக்கு ஆரும் சோப் போடுவாங்களா டொக்டர்? சாம்பல், தேங்காத் தும்புதான். சோப்பச் சட்டி குடிச்சிடும்."

சொல்லிவிட்டேன். சொன்னது என் காதில் விழுந்தது. டொக்டர் பேனையைக் கீழே வைத்தா.

சட்டி குடிக்கும். எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? பழகின சட்டியில்தான் கறி ருசிக்கும் என்று பெருமையாகச் சொல்கிறவள்தானே நான். திங்கள் இறால் காய்ச்சினால் செவ்வாய்ப் பருப்பில் இறால். இரண்டு மூன்று நாள் காய்ச்சாவிட்டால் குறைவு. வெள்ளிக்கிழமை அந்தச் சட்டியைத் தொடுவதே இல்லை. அடுப்புக்கு மேல் தட்டிலிருந்து சைவச் சட்டியை இறக்குவேன். அகப்பை கூட வேறு.

ஐந்து வெள்ளிக்கிழமையும் பதில் என் தலைக்கு மேலே கவிழ்ந்து கிடந்தது. சாமிக்கு மச்ச வாடை படக்கூடாது என்று தனிச் சட்டி வைக்கத் தெரிந்தவளுக்குப் பிள்ளைக்கு ஒரு சட்டி வைக்கத் தோன்றவில்லை.

"அப்ப அந்த விரல் அடையாளம்?" என்று கேட்டேன். தோலில் பட்டால் அப்படித் தடிக்கும், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும், கழுவிவிட்டுத் தூக்கலாம், என்றா. உள்ளே போவதுதான் ஆளைக் கொல்லுமாம்.

உள்ளே போட்டது நான்.

மே 1, புதன்

வீட்டுக்கு வந்தோம். முதல் வேலையாகச் சட்டியைக் கிணற்றடியில் போட்டு உடைத்தேன். அகப்பையை எரித்தேன்.

பிறகு வாடிக்குப் போனேன். எல்லாம் சொன்னேன். "என்ட பிழை. நீங்க இல்ல. டொக்டரே சொன்னா. வாங்க வீட்ட." அவர் வலையில் பாசி பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"அவட கன்னத்தில இரிந்தது என்ட விரல்தானே அஜந்தா."

"அது தோல்ல மட்டும்தான் —"

"நானும் அப்படித்தான் நினைக்கப் பாக்கிறன். ஏலாம இரிக்கு."

அவருடைய கைகளைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. எத்தனை தரம் கழுவினாரோ.

மே 10, வெள்ளி

வந்தார். முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். உள்ளே வரவில்லை. பின்னேரம் போய்விட்டார்.

மே 19, ஞாயிறு

லது விடியவே எழும்பிக் கேட்கிறாள்: "இண்டைக்கு வெள்ளியா?" அப்பா வருகிற நாள் அது என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறாள்.

ஜூன் 7, வெள்ளி

அந்த நாளிலிருந்து நாற்பத்தைந்து நாள். இடது பக்கம் முழுக்க "ஒன்றுமில்லை". வீட்டில் இப்போது எல்லாச் சட்டியும் சைவச் சட்டிதான். லதுவின் கன்னம் திரும்ப உப்பி வருகிறது. டொக்டருக்குச் சந்தோசம்.

இவர் இன்றைக்கு உள்ளே வந்தார். பிள்ளை பிழைத்ததை இன்றைக்குத்தான் கண்டது போல் லதுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சோறும் பருப்பும் போட்டு நடுவில் வைத்தேன். லது சோற்றுக் கோப்பையை அவர் பக்கம் தள்ளினாள்.

"அப்பா, தீத்தி விடுங்க. இண்டைக்கு வெள்ளிதானே. உங்கட கை நல்ல கை."

அன்றைக்குக் கதவடியில் நின்று கேட்டதை அவள் மறக்கவில்லை.

அவர் சோற்றில் கை வைக்கப் போனார். நிறுத்தினார். "கை கழுவிட்டு வாறன்" என்று கிணற்றடிக்குப் போனார். வந்தார், கையை மணந்து பார்த்தார், திரும்பவும் போனார். சவர்க்காரம் எடுத்தார். நான் கூப்பிட்டேன். "போதும், வாங்க." வாளி கிணற்றில் விழும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

லது வாயைத் திறந்தபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கையாலேயே அள்ளிச் சாப்பிட்டு முடித்தாள்.